தேதி இல்லாதவளின் சாட்சி

எனக்குத் தேதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி தெரியாத ஒருத்திக்கு விசுவாசத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நினைப்பவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறந்த தேதியைச் சொல்லவில்லை. நான் சொல்வது ரட்சிக்கப்பட்ட தேதி. ஐம்பதுகளில் தென்காசியில் எங்கள் சபைப் பெண்களில் பாதிப் பேரிடம் அது இருந்தது. இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாள், இத்தனை மணிக்கு என் பாவம் மன்னிக்கப்பட்டது, நான் மறுபடி பிறந்தேன் என்று வேதப்புத்தகத்தின் முதல் தாளில் பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருப்பார்கள். சந்தேகம் வரும்போது அந்தத் தாளைத் திறந்து பார்த்தால் போதும், பிசாசு ஓடிவிடுவான் என்பது அவர்கள் சொல்லித் தந்த பாடம். எனக்கோ சந்தேகம் தினமும் வந்தது. திறந்து பார்த்தால் அங்கே வெறும் தாள்தான் இருந்தது.

நான் அப்போது மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அப்பா எங்கள் சபைக் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவர், நான் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். வீட்டில் நானும் அம்மாவும் ஓர் எருமையும். குத்துக்கல்வலசைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போய் வரும் எருமையைக் கறந்து நாலு வீட்டுக்குப் பால் ஊற்றித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவாள்.

அம்மா ஜெபம் பண்ணுகிற விதமே வேறு. முழங்கால் போட்டு நான் பார்த்ததே அபூர்வம். அடுப்பு ஊதும்போது, "ஏ ஆண்டவரே, வெறகு ஈரமா இருக்கு, கண்ணு எரியுது, கொஞ்சம் பாருமே" என்பாள். எருமை உதைத்துப் பால் கொட்டிவிட்டால், "நீரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு?" என்று சண்டைக்குப் போவாள். படித்த பெண்ணான எனக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினால் அது ஜெபமா என்று நினைத்துக்கொள்வேன்.

என் சந்தேகம் என்ன என்று கேட்டால், நரகத்துக்குப் போவேனோ என்ற பயம் இல்லை. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான். காலையில் வகுப்பில் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், இதுவும் வெறும் கதைதானா என்று நானே கேட்டுக்கொள்வேன். அந்தக் காலத்தில் சிவன் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடைவீதி முக்கில், கடவுள் இல்லை என்று ஒலிபெருக்கி வைத்துப் பேசுவார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்று ஒருநாள் கேட்டேன். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுகூட எனக்குப் புதிதாக இல்லை. எல்லாம் நானே தனியாகக் கேட்டு வைத்திருந்தவை.

எங்கள் சபையில் ஜெபக்குழு ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாதான் அதை நடத்தினார். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்போம். வெள்ளைப் புடவை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவர் அவர்தான். ஆனால் தேதி விஷயத்தில் ஒரு நூல் இறங்கி வரமாட்டார்.

வருஷா வருஷம் குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் டீச்சர்மாருக்கு மூன்று நாள் ஜெபக் கூட்டம் நடக்கும். ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ஹாலில் ஜமுக்காளம் விரித்து, ஐம்பது அறுபது பேர் உட்காருவோம். காலையில் அருவிக்குப் போய் வந்த ஈரத் தலைகள், காயாத புடவைகள், ஜன்னல் வழியாக அடிக்கிற சாரல். பிரசங்கியார் கண்ணை மூடச் சொன்னால் அருவிச் சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்கும். கடைசி நாள் சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து தேதியைச் சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது என்று அழுதுகொண்டே சொல்வார்கள்.

முதல் வருஷம் என்னைக் கேட்டபோது, "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். உடனே எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்று தலையில் கை வைத்து அரைமணி நேரம் ஜெபித்தார்கள். கழுத்து வலித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருஷம் சாட்சி நேரத்தில் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அழுத கண்ணோடு திரும்பி வந்தவளைப் பார்த்து, ஆண்டவர் கிரியை செய்கிறார் என்று ஓர் அக்கா சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் வருஷம் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. தேதி இல்லாதவர்கள் ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கக் கூடாது என்று பெரிய டீச்சர் முடிவு செய்திருந்தார். ஞாயிறு பள்ளி எனக்கு உயிர். என் முறை வந்தபோது பிரசங்கியார் கனிவாகத்தான் கேட்டார்.

"சொல்லுங்க டீச்சர், எந்தத் தேதி?"

மண்டைக்குள் எதையாவது தேடினேன். ஒரே ஒரு தேதிதான் அகப்பட்டது. எங்கள் தொழுவச் சுவரில் நானே கரியால் எழுதி வைத்த தேதி. எருமை கன்று போட்டால் அம்மா அதைக் குறித்து வைக்கச் சொல்வாள், அடுத்து எப்போது கிடாவுக்கு விடுவது என்று பார்க்க அது வேண்டும். முந்தின வருஷம் நவம்பர் மூன்றாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், எங்கள் எருமை கன்று போட்டிருந்தது. அந்தத் தேதியைச் சொன்னேன். நேரம் கேட்டார். விடியற்காலை நாலரை மணி என்றேன். அதுவும் எருமையின் நேரம்தான்.

ஹாலே அழுதது. பெரிய டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எனக்காக அவர் உண்மையிலேயே ஏங்கியிருக்கிறார். என் வேதப்புத்தகத்தை வாங்கி, தன் பேனாவைத் திறந்து கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஜெபக்குழுவில் அந்த நாளை மறுபிறந்த நாள் என்று கொண்டாடுவார்கள். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், ஐப்பசி மழையில், ஏழெட்டுப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு சீப்பு கோழிக்கூடு பழம். அம்மா ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போனதும் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, என்ன விசேஷம்னு பாடிட்டுப் போறாக?"

"போன வருஷம் இதே நாள்ல நான் ரட்சிக்கப்பட்டேம்மா."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாளா? அன்னைக்குத்தான நம்ம எருமை கன்னு போட்டுது? விடிய விடிய நீ எங்கூடத் தொழுவத்துலதான கெடந்த. வெந்நி கொண்டா, சாக்கு கொண்டான்னு நான் ஏசிக்கிட்டுல்லா இருந்தேன். எந்நேரத்துலட்டி ரட்சிக்கப்பட்ட?"

நான் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொய் சொன்னது தப்புட்டி. அவுககிட்ட சொல்லிரு" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை.

ஐந்து வருஷம் சொல்லவில்லை. வருஷா வருஷம் பாட்டும் பழமும் வந்தன. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. முன்பு சந்தேகம் மட்டும்தான் இருந்தது, இப்போது அதன்மேல் பொய்யும் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் தேதி பொய் என்றால் மற்றவர்களுடையதும் அப்படித்தானா, எல்லோரும் ஆளுக்கொரு எருமையை வைத்துக்கொண்டு அழுகிறோமா என்று எண்ணம் ஓடும். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் அசையும், அவ்வளவுதான். ஒருநாள் இந்த வேஷத்தை எல்லாம் கலைத்துவிட்டு, எனக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்று வெளியே வந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மா படுத்தாள். கால் வீங்கி, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப் போய்விடுங்கள் என்றார்கள். எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. எருமையைச் சுந்தரபாண்டியபுரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். சாவைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஒன்ன ஒத்தையில விட்டுட்டுப் போறேனே" என்பதுதான் அவள் கவலை.

ஒரு சாயங்காலம் ஜெபக்குழு வந்தது. ஆறு பேர். இரண்டு பாட்டுப் பாடினார்கள், அம்மாவும் மூச்சிரைப்போடு கூடவே பாடினாள். அப்புறம் பெரிய டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"எக்கா, ஒங்களுக்கு ரட்சிப்பின் நிச்சயம் இருக்கா? எந்தத் தேதில ரட்சிக்கப்பட்டிய?"

"தேதியா?" அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாதே, டீச்சர்."

"எழுத வேண்டாம்க்கா. வாயால சொன்னாப் போதும்."

அம்மா தேடத் தொடங்கினாள். "கல்யாணம் ஆனது ஒரு தை மாசம். இவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தது பங்குனியில... இவ அப்பா போனது..." என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். பெரிய டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, அது இல்லை, அது இல்லை என்றார்.

"நிச்சயம் இல்லாம கண்ண மூடிரக் கூடாதுக்கா. அங்கன போயிக் கதவைத் தட்டுனா, நீ ஆருன்னு ஆண்டவர் கேட்டுட்டார்னா என்ன செய்வீய?"

அம்மாவின் முகம் மாறியது. ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோதுகூட அசையாதவள் பயந்துபோனாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ படிச்சவதான, எனக்கு ஒரு தேதி சொல்லேன்" என்றாள்.

அதோடு எனக்குப் பொறுமை போயிற்று.

"எந்திரிங்க டீச்சர்" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "போதும், எந்திரிங்க. எங்கம்மா அவருக்குச் சொந்தம். அவ தெனம் அவருகூடப் பேசுதா, சண்டை போடுதா, சோறு பொங்குதா. அவள ஆருன்னு அவரு கேப்பாரா? நீங்க வேணா கேப்பீய."

பெரிய டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார். "நிச்சயம் பெற்ற பிள்ளை நீ இப்படிப் பேசலாமா? ஒன் சாட்சி எத்தன பேரத் தொட்டிருக்கு."

"என் சாட்சி பொய்யி. அது எங்க வீட்டு எருமை கன்னு போட்ட தேதி."

ஒரு சின்னப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டீச்சரின் முகத்தில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. "ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லிட்டியே" என்றார்.

"அவருகிட்ட எங்க சொன்னேன்? ஒங்ககிட்டத்தான் சொன்னேன். அது எருமை தேதின்னு அவருக்கு அன்னைக்கே தெரியும்."

குடையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். நான் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம வெரட்டிட்டியேட்டி" என்றாள் அம்மா. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அவுக சொல்லுதது நெசமா? கதவத் தட்டுனா ஆருன்னு கேப்பாராமே."

"கேக்க மாட்டாரும்மா."

"கேட்டுட்டார்னா?"

"கேட்டார்னா அப்படிப்பட்ட எடம் நமக்கு வேண்டாம். ஒன்ன விடாத எடத்துக்கு நானும் வரமாட்டேன். அவரும் வேண்டாம், அவரு வீடும் வேண்டாம்."

அம்மா வீங்கிய கையைத் தூக்கி என் வாயில் ஓர் அடி போட்டாள். வலிக்கிற அடி இல்லை.

"அப்படிச் சொல்லாதட்டி. அவரு மனசு நோவும்."

சொல்லிவிட்டு, முகட்டைப் பார்த்து, எனக்காக மன்னிப்புக் கேட்டாள். "சின்னப்புள்ள, கோவத்துல சொல்லுதா. நீரு மனசுல வச்சுக்கிடாதேயும்." நான் அப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்ணயர்ந்தாள். அவளுடைய பயம் போய்விட்டது, மூச்சு சீராக வந்தது. என்னால்தான் உட்கார முடியவில்லை. நான் சொன்ன வார்த்தை என்னை அறுத்துக்கொண்டிருந்தது. அவரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்லியிருக்கக் கூடாது? அம்மாவிடமா? இல்லை. அவரிடம். அவர் மனசு நொந்திருக்குமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கோபத்தில் சொல்லிவிட்டேன், மன்னியும் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்பேன்.

நெஞ்சு அனலாகக் கொதிக்கவில்லை. கண்ணீர் வரவில்லை. வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்த வாசனை வந்தது, போய் இறக்கி வைத்தேன். ஆனால் அம்மாவை அவர் கைவிட மாட்டார் என்று நான் கத்தியபோது எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை என்பது, கஞ்சியைத் துழாவிக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் என்னைப் பற்றியே நோண்டி நோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. அவளைத் தெரிந்தவருக்கு என்னையும் தெரியும்.

இரண்டு வாரத்தில் அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்குப் பெரிய டீச்சர் வந்தார். அம்மாவின் தலையை அவரே சீவிவிட்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் ஞாயிறு பள்ளியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அந்த ஐயர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஒதுங்கி இரும்மா, எல்லாம் ஆறட்டும்" என்றார். பொய் சொன்னதற்கு அந்தத் தண்டனை சரிதான், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தேதி இல்லாததற்கு என்றால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் பொய் சொன்னேனோ அதே இடத்தில் உண்மையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அந்த வருஷம் சீசன் வந்ததும் யாரும் கூப்பிடாமலே குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அதே பங்களா, அதே ஜமுக்காளம். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சாட்சி நேரத்தில் என் பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே எழுந்தேன்.

"சில வருஷத்துக்கு முந்தி இங்கன நின்னு ஒரு தேதி சொன்னேன். அது பொய். நீங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றேன். "எனக்குத் தேதி கிடையாது. ஆனா நான் அவருக்குச் சொந்தம்."

பிரசங்கியார் புதியவர், வெளியூர்க்காரர். "தேதியே இல்லாமல் அதை எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள், சகோதரி?" என்று கேட்டார்.

"எங்கம்மா தேதி இல்லாமத்தான் போனா. அவள அவரு வெளிய நிறுத்திருக்க மாட்டாரு. அது எனக்கு நிச்சயம். அவளுக்குத் தெறந்த கதவு எனக்கும் தெறக்கும்."

"மறுபடியும் சந்தேகம் வந்தால்?"

"வரும். இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சு. வந்தா அவருகிட்டயே சொல்லுவேன். ஒங்ககிட்ட வரமாட்டேன்."

அவர் தன் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். சாட்சி சொல்லி முடித்தால் கூட்டம் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்று சொல்வது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு வாயும் திறக்கவில்லை. பெரிய டீச்சர் முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து என் புடவை நனைந்தது. நான் காத்து நின்றேன். பிறகு, யாரும் சொல்லாவிட்டால் போகிறது என்று, ஹால் முழுக்கக் கேட்கும்படி நானே சொன்னேன்:

"ஸ்தோத்திரம்."